மோட்டார் வண்டியை உயர்த்துதல்

மாட்டு வண்டியிற் பயணஞ் செய்த முன்னோர் பாதையிலுள்ள குழி ஒவ்வொன்றையும் தம் உடம்பினாலேயே அளந்து அறிந்தனர். அந்த வண்டியின் சில்லு அச்சோடும், அச்சு வண்டித் தட்டோடும் நேராகப் பிணைக்கப்பட்டிருந்தன. வேகம் குறைவாதலால் அக்குலுக்கல் தாங்கக்கூடியதாயிருந்தது. வேகம் வளர்ந்தபோது சில்லுக்கும் தட்டுக்கும் இடையே நெகிழ்ந்து கொடுக்கும் ஒரு பொருள் வேண்டப்பட்டது. இங்கிலாந்தில் ஒபதையா எலியட் என்பார் 1804ஆம் ஆண்டில் நீள்வட்ட வடிவான உருக்கு வில்லைக் குதிரை வண்டிக்குப் பொருத்தும் முறைக்கு உரிமை பெற்றார். மோட்டார் வண்டி தோன்றியபோது அவ்வில்லையே தன் முதற் சொத்தாகப் பெற்றுக்கொண்டது. இன்றும் வண்டியின் உடல் முழுவதும் விற்களின் மேலேயே அமர்ந்திருக்கிறது. ஆகவே, வில்லை மாற்றினால் வண்டியின் உயரமும் மாறும் என்பது எளிதில் விளங்கும்.

விவசாயி ஒருவரை எண்ணிக்கொள்க. அவரிடம் சிறிய ஜீப் வண்டி ஒன்று உண்டு. வயலுக்கு உரம் ஏற்றுவதும், விளைந்த மரக்கறிகளைச் சந்தைக்குக் கொண்டு செல்வதும், அயலிலே யாரேனும் நோயுற்றால் இரவென்றும் பாராமல் ஆசுபத்திரிக்கு ஏற்றிச் செல்வதும் அந்த வண்டியே. மாரி காலத்தில் உழவு இயந்திரங்கள் ஓடியோடிப் பாதையின் இரு பக்கமும் பள்ளமாகி, நடுவே மேடு எழுந்துவிடுகிறது. வண்டியின் அடிப்பாகம் அந்த மேட்டிலே உராய்கிறது. வில்லையும் ஷொக் அப்சோபரையும் மாற்றினால் வண்டி இரண்டு அங்குலம் உயரும் என்று ஒருவர் அவருக்குக் கூறுகிறார். அந்த இரண்டு அங்குலம் எதைத் தரும், எதை எடுத்துக்கொள்ளும் என்பதை அறிந்த பின்னரே அவர் பணத்தை எடுத்தல் நன்று. ஏனெனில், அந்த வண்டியில் ஏறுவோர் அவருடைய வீட்டாரும் அயலாருமே.

முதலில் வில்லின் இயல்பை நோக்குதல் வேண்டும். ரொபேட் ஊக் என்னும் ஆங்கில விஞ்ஞானி 1678இல் வெளியிட்ட விதி மிக எளியது. வில்லின் மீது வைக்கப்படும் பாரம் எவ்வளவோ, அதற்கு ஏற்ற அளவிலேயே வில் சுருங்கும். பாரம் இருமடங்கானால் சுருக்கமும் இருமடங்காகும். ஒரு சில்லின் மேலுள்ள சுருள்வில் 240 கிலோகிராம் பாரத்தைத் தாங்குவதாகக் கொள்க. 2 கிலோகிராமுக்கு 1 மில்லிமீற்றர் சுருங்கும் வில்லானால், அது 120 மில்லிமீற்றர் சுருங்கி ஓய்வு பெறும். இந்த வண்டியை 40 மில்லிமீற்றர் உயர்த்துவதற்கு இரு வழிகள் உண்டு.

முதலாவது வழி, அதே வலிமையுள்ள, ஆனால் 40 மில்லிமீற்றர் கூடுதல் நீளமுள்ள வில்லை வைப்பது. சுருக்கம் முன்போலவே 120 மில்லிமீற்றர். கூடிய நீளம் முழுவதும் வண்டியின் உயரமாகிறது. இரண்டாவது வழி, நீளத்தை மாற்றாது, 3 கிலோகிராமுக்கு 1 மில்லிமீற்றர் சுருங்கும் கடினமான வில்லை வைப்பது. அப்போது சுருக்கம் 80 மில்லிமீற்றராகக் குறைந்துவிடும். குறைந்த 40 மில்லிமீற்றரும் உயரமாக வெளிப்படும். வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டு வண்டிகளும் ஒரே உயரமாய்த் தோன்றும். உள்ளே இருப்பவருக்கோ அவை இரண்டும் ஒன்றல்ல. முதல் வில்லின் மேல் அமர்ந்த வண்டி, அசைத்துவிட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 86 தடவை மேலுங் கீழும் ஆடும்; இரண்டாவது வில்லின் மேல் அமர்ந்தது ஏறக்குறைய 106 தடவை ஆடும். மனிதன் அமைதியாக நடக்கும்போது அவன் உடல் அசையும் வேகத்துக்கு அண்மையிலுள்ள ஆட்டமே உடம்புக்கு இதமானது. அதனின்றும் விலகி ஆட்டம் விரைந்தால் பயணம் குலுக்கலாகிறது.

அப்படியாயின் கடினமான வில்லை யார் விரும்புவர்? பாரம் ஏற்றுபவர் விரும்புவர். மேற்சொன்ன வண்டியில் ஒரு சில்லின் மேல் மேலும் 60 கிலோகிராம் பாரம் விழுந்தால், மென்மையான வில் 30 மில்லிமீற்றர் அமிழும். கடினமான வில் 20 மில்லிமீற்றரே அமிழும். ஆகவே நாள்தோறும் உர மூடைகளை ஏற்றும் வண்டிக்குக் கடினமான வில் பொருந்தும். வாரத்தில் ஒரு நாள் மாத்திரம் பாரம் ஏற்றி, ஏனைய ஆறு நாளும் வெறுமனே ஓடும் வண்டிக்கு அதே வில் துன்பமாகும். வெறும் வண்டியை அது தேவைக்கு மேல் தூக்கி நிறுத்தும். சில்லு பள்ளத்தில் இறங்காமல் துள்ளும். விற்பனையாளர் பலர் ஒரே உயரத்துக்கு வெவ்வேறு பார அளவுகளுக்குரிய விற்களை வைத்திருப்பதன் காரணம் இதுவே. வில் வாங்கச் செல்பவரிடம் எத்தனை அங்குலம் உயர வேண்டும் என்று மட்டும் கேட்பவர் நல்ல வியாபாரியல்லர். எவ்வளவு பாரம் ஏற்றுவீர் என்று கேட்பவரே தொழில் அறிந்தவர்.

வில்லின் கம்பியைப் பற்றியும் ஒன்று கூறுதல் வேண்டும். சுருள்வில்லின் வலிமை கம்பியின் தடிப்பைப் பொறுத்து மிக விரைவாக வளருவது. தடிப்பின் நான்காம் அடுக்கிற்கேற்ப அது கூடும். 12 மில்லிமீற்றர் தடிப்பான கம்பியை 13 மில்லிமீற்றராக்கினால், ஏனையவை மாறாதிருக்க, வலிமை ஏறக்குறைய 38 வீதம் அதிகரிக்கும். கண்ணுக்குப் புலப்படாத ஒரு மில்லிமீற்றரின் செயல் அது. ஆதலால் வேறு வண்டியின் பழைய வில்லைப் பார்வையளவில் ஒத்திருக்கிறதென்று எடுத்துப் பொருத்துதல் தகாது. சுருளின் வளையங்களை வெட்டியோ, நெருப்பிற் காய்ச்சியோ வில்லின் குணத்தை மாற்றுவது அதனினும் தீது. நெருப்புப் பட்ட உருக்கு தன் உரத்தை இழந்து நாளடைவில் அமிழும் அல்லது முறியும்.

எல்லா வண்டிகளிலும் சுருள்வில் இருப்பதில்லை. 1948இல் வெளிவந்த லான்ட் ரோவர் வண்டிக்கு முன்னும் பின்னும் உருக்குத் தகடுகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கிய தகட்டு வில் இருந்தது. அதே ஆண்டில் வெளிவந்து இலங்கை வீதிகளிலே நெடுங்காலம் ஓடிய மொறிஸ் மைனர் காருக்குப் பின்புறம் தகட்டு வில்லும், முன்புறம் முறுக்கத்தால் இயங்கும் உருக்குக் கோலும் இருந்தன. தகட்டு வில்லை உயர்த்த, வளைவு கூடிய தகடுகளை இடுவர், அல்லது ஒரு தகட்டை மேலதிகமாகச் சேர்ப்பர். முறுக்குக் கோலிலோ புதிய வில் வேண்டியதில்லை. கோலின் பிடிப்பைச் சிறிது திருப்பி வைத்தால் வண்டி எழும். ஆனால் அவ்வாறு எழுந்த உயரம், சில்லு கீழே இறங்குவதற்கென விடப்பட்ட இடத்திலிருந்து எடுக்கப்பட்ட கடனே.

இனி ஷொக் அப்சோபர். அதிர்ச்சியை உறிஞ்சுவது என்று பெயர் பெற்றிருப்பினும், அதிர்ச்சியை முதலில் ஏற்பது வில்லே. வில் தான் ஏற்ற சக்தியைத் திருப்பிக் கொடுக்கும் இயல்புடையது. ஒருமுறை அமிழ்ந்த வண்டி, தடுப்பார் இல்லையாயின், ஊஞ்சல் போல் மீண்டும் மீண்டும் ஆடிக்கொண்டேயிருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதே ஷொக் அப்சோபரின் தொழில். குழாயினுள்ளே எண்ணெய், எண்ணெயினுள்ளே சிறு துளைகளையுடைய ஓர் ஆடுதண்டு. சில்லு அசையும்போது எண்ணெய் அத்துளைகளினூடே நெருக்குண்டு பாய்கிறது. ஆட்டத்தின் சக்தி எண்ணெயிலே வெப்பமாக மாறிக் காற்றோடு கலந்துவிடுகிறது. கரடுமுரடான பாதையில் நெடுந்தூரம் ஓடிய வண்டியின் ஷொக் அப்சோபரைத் தொட்டால் கை சுடுவது இதனாலேயே.

வில்லை மாற்றும்போது இதனையும் மாற்ற வேண்டுமா என்று பலர் வினவுவர். செலவைக் குறைக்க விரும்புவோர் புதிய வில்லையும் பழைய ஷொக் அப்சோபரையும் சேர்த்து வைப்பதுண்டு. அதன் விளைவு கணக்கில் தெளிவாகும். ஓய்வு நிலையிலிருந்து சில்லு கீழே இறங்க முன்னர் 80 மில்லிமீற்றர் இடமிருந்ததாகக் கொள்க. அந்த எல்லையைப் பெரும்பாலும் ஷொக் அப்சோபரின் முழு நீளமே வகுக்கும். வண்டி 40 மில்லிமீற்றர் உயர்ந்த பின், இறங்க எஞ்சிய இடம் 40 மில்லிமீற்றரே. பள்ளம் வந்ததும் சில்லு அதற்குள் இறங்க முயலும். ஷொக் அப்சோபர் முழுவதும் நீண்டு சடக்கென்று இழுபடும். ஒவ்வொரு பள்ளத்திலும் அச்சின் பாரம் முழுவதும் ஒரு சிறு ஆணியின் மேல் தொங்கும். நாளடைவில் ஆணியோ, அதனைத் தாங்கும் வளையமோ முறியும். மேலும், கடினமான வில் வலிமையோடு மீண்டெழும். பழைய வில்லுக்கென அமைந்த துளைகள் அந்த எழுச்சியை அடக்கப் போதா. வண்டி துள்ளிக்கொண்டே செல்லும்.

நீளமான ஷொக் அப்சோபரை வைத்தால் மாத்திரம் அமையாது. நீளமானது மடங்கும்போதும் சற்று நீளமாகவே இருக்கும். சில்லு முழுதும் மேலெழும்போது, அச்சை நிறுத்தும் றப்பர்த் தடை முட்டுமுன் ஷொக் அப்சோபரின் உட்பகுதி முட்டிவிட்டால் அதன் தண்டு வளையும். ஆதலால் அதன் மடங்கிய நீளத்தையும் அளந்து, தேவையானால் றப்பர்த் தடையைத் தாழ்த்தி வைத்தல் வேண்டும். அதேபோல், அது மிக நீண்டதாய் இருந்தால், சில்லு தொங்கும் நிலையில் சுருள்வில் தளர்ந்து தன் இருக்கையை விட்டு விலகவும் கூடும். மடங்கிய நீளம், நீண்ட நீளம், வில்லின் நீளம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று இசைந்திருத்தல் அவசியம். இதனாலேயே ஒரே தயாரிப்பாளர் வில்லையும் ஷொக் அப்சோபரையும் இணைத்து விற்கும் தொகுதியை வாங்குவது பெரும்பாலும் அறிவுடைமையாகும்.

இவ்வாறு உயர்த்தியதனால் கிடைத்த பயன் யாது? உதாரணமாக, 1970இல் ஜப்பானில் முதன்முதல் வெளிவந்த சுசுகி ஜிம்னி வண்டியை எடுத்துக்கொள்ளலாம். 2018இல் வெளிவந்த அதன் நான்காந் தலைமுறைக்கு நில இடைவெளி 210 மில்லிமீற்றர். முன்னும் பின்னும் ஒரே தண்டான அச்சும் சுருள்வில்லும் அதற்கு உண்டு. இத்தகைய வண்டியை வில்லினால் உயர்த்தும்போது வண்டியின் உடல் எழும். ஆனால் அச்சு எழாது. அச்சின் நடுவே பருத்துத் தொங்கும் பற்சில்லுப் பெட்டி முன்னிருந்த உயரத்திலேயே இருக்கும். ஏனெனில் அச்சு அமர்ந்திருப்பது சில்லின் மேல். வில்லின் மேல் அன்று. பெரிய கற்களுக்கு மேலாக அச்சைச் செலுத்த விரும்புபவருக்கு வில் உதவாது. பெரிய ரயரே உதவும். ரயரின் விட்டம் 2 அங்குலம் கூடினால் அச்சு 1 அங்குலம் உயரும். வில்லினால் வரும் பயன் வேறு: முன் பம்பர் மேட்டில் முட்டாது, வண்டியின் வயிறு வரம்பில் உராயாது, பெரிய ரயருக்கு இடமும் உண்டாகும். நமது விவசாயி இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பாதை நடுவிலுள்ள மேட்டில் உராய்வது வண்டியின் சட்டமா, அன்றி அச்சின் பெட்டியா? கீழே குனிந்து, எங்கே சேறும் கீறலும் உண்டு என்று பார்த்தால் அது தெரிந்துவிடும். உராய்வது பெட்டியானால் வில்லுக்குச் செலவிடும் பணம் வீணே.

இனி இழப்பை நோக்குதல் வேண்டும். வண்டி உயர்ந்தால் அதன் ஈர்ப்பு மையமும் உயரும். இரு சில்லுகளுக்கு இடையிலுள்ள அகலத்தை, ஈர்ப்பு மைய உயரத்தின் இருமடங்கால் வகுத்தால் வரும் எண்ணே வண்டி கவிழாது நிற்கும் உறுதியின் அளவு. அமெரிக்க அரசின் வீதிப் பாதுகாப்பு நிறுவனம் வண்டிகளைத் தரப்படுத்த இவ்வெண்ணைப் பயன்படுத்துகிறது. சாதாரணக் கார்களுக்கு அது பெரும்பாலும் 1.30 முதல் 1.50 வரை, உயரமான வண்டிகளுக்கு 1.00 முதல் 1.30 வரை. அகலம் 140 சென்ரிமீற்றரும், ஈர்ப்பு மையம் 60 சென்ரிமீற்றரும் உள்ள ஒரு வண்டிக்கு அவ்வெண் 1.17. ஈர்ப்பு மையம் 5 சென்ரிமீற்றர் உயர்ந்தால் அது 1.08 ஆகிவிடும். இரண்டு அங்குலத்தின் விலை ஏறக்குறைய 8 வீத உறுதி. கூரையின் மேல் மூடைகளையும் ஏற்றினால் இழப்பு இன்னும் பெரிதாகும். வயற் பாதையில் மெதுவாகச் செல்லும்போது இது தோன்றாது. பெருவீதியில் விரைந்து செல்லும்போது, குறுக்கே பாய்ந்த மாட்டுக்காகச் சுக்கானைத் திடீரெனத் திருப்பும் அந்த ஒரு கணத்திலேயே தோன்றும்.

சுக்கானின் குணமும் மாறும். துவிச்சக்கர வண்டியின் முன் கவர் செங்குத்தாக நில்லாமல் சற்றுச் சாய்ந்திருப்பதை யாவரும் கண்டிருப்பர். கைப்பிடியை விட்டாலும் வண்டி நேரே ஓடுவதற்குத் துணை செய்வனவற்றுள் அச்சாய்வும் ஒன்று. மோட்டார் வண்டியின் முன் சில்லுக்கும் அத்தகைய சாய்வு உண்டு. அச்சைப் பின்னிருந்து பிடித்திருக்கும் நீண்ட கைகள், வண்டி உயரும்போது கீழ்நோக்கித் திரும்புவதால் அந்தச் சாய்வு குறைகிறது. அப்போது சுக்கான் திருப்பிய பின் தானாக நடுவுக்கு வர மறுக்கும். வேகத்தில் வண்டி இங்குமங்கும் அலையும். இதனைத் திருத்துவதற்கென மையம் விலகிய துளையுடைய றப்பர்ப் புஷ்களும் தகடுகளும் உண்டு. அச்சைப் பக்கவாட்டில் அசையாது பிடிக்கும் குறுக்குத் தண்டும் சரிவதால், அச்சு சில மில்லிமீற்றர் ஒரு பக்கம் ஒதுங்கும். அதற்கு நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய தண்டு வேண்டும்.

பிறேக்கைப் பற்றி இரு எச்சரிக்கைகள் உண்டு. சில்லு முழுவதும் தொங்கும்போது பிறேக் எண்ணெய் செல்லும் றப்பர்க் குழாய் இறுக இழுபடக்கூடாது. இழுபட்டால் அது ஒருநாள் அறும். அறும் நாள் பெரும்பாலும் பிறேக் மிகவும் தேவைப்படும் நாளாகவே இருக்கும். இரண்டாவதாக, சில வண்டிகளில் பின் அச்சுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கொண்டு பாரத்தை உணர்ந்து, பின் பிறேக்கின் வலிமையைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. வண்டியை உயர்த்தினால் அது வண்டி வெறுமையாக இருக்கிறதென்று எண்ணிப் பின் பிறேக்கைத் தளர்த்திவிடும். அதன் நெம்பையும் புதிய உயரத்துக்கு இசைய மாற்றுதல் வேண்டும். இவற்றோடு, எஞ்சினிலிருந்து அச்சுக்குச் செல்லும் சுழல்தண்டின் கோணமும் நோக்கப்படல் வேண்டும். கோணம் மிகுந்தால் மூட்டுகள் அதிர்ந்து தேயும். முன் விளக்குகளையும் தாழ்த்தி வைத்தல் கடமை. தன் வண்டியை உயர்த்தியவர் எதிரே வருபவரின் கண்ணைக் குருடாக்கும் உரிமையைப் பெற்றவரல்லர்.

அச்சுத் தண்டின்றி ஒவ்வொரு சில்லும் தனித்து அசையும் சாதாரணக் கார்களில் உயர்த்தும் எல்லை இன்னும் குறுகியது. எர்ல் மக்பேர்சன் என்பார் அமைத்த முறையில் வில்லும் ஷொக் அப்சோபரும் ஒரே தூணாகச் சில்லை நிறுத்துகின்றன. 1950இல் அறிமுகமான போட் கொன்சல் கார் அம்முறையைப் பரவச் செய்தவற்றுள் ஒன்று. இங்கே உடல் உயர்ந்தால் சில்லின் சாய்வு மாறி ரயர் ஒரு பக்கமாகத் தேயும். சில்லுக்குச் சக்தியைக் கொண்டுசெல்லும் மூட்டுகள் கூடிய கோணத்தில் உழலும். தூணின் மேல் ஒரு துண்டை வைத்து உயர்த்துவது மலிவான வழிதான். ஆனால் அது வில்லுக்கு வலிமையையோ, சில்லுக்குக் கூடுதல் அசைவையோ தருவதில்லை. 1955இல் வெளிவந்த சித்ரொயன் டி. எஸ். கார் எண்ணெயும் வாயுவும் கொண்டு தன் உயரத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் வல்லமை பெற்றிருந்தது. ஆனால் அந்த உயர்வு முதலிலிருந்தே வகுத்து அமைக்கப்பட்டது, பின்னர் ஒட்டவைக்கப்பட்டதன்று.

வேலையைச் செய்யும் முறையிலும் உயிராபத்து உண்டு. சுருக்கப்பட்ட சுருள்வில் துப்பாக்கியிலுள்ள குண்டை ஒத்தது. உரிய கருவியின்றிக் கயிற்றாலும் கம்பியாலும் அதனைக் கட்டி வைத்து வேலை செய்தல் கூடாது. வண்டியை ஜாக்கியில் மாத்திரம் நிறுத்தி அதன் கீழே படுத்தலும் ஆகாது. உறுதியான தாங்கிகளை வைத்தல் வேண்டும். றப்பர்ப் புஷ்களின் ஆணிகளை வண்டி தன் சில்லுகளில் நிற்கும்போதே இறுதியாக முறுக்குதல் வேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கினால் புஷ் என்றும் முறுக்குண்ட நிலையிலேயே இருந்து விரைவிற் கிழியும். வேலை முடிந்ததும் சில்லுகளின் நிலையை அளவிடும் இடத்துக்குக் கொண்டு சென்று சரிபார்ப்பதும், சில நூறு கிலோமீற்றர் ஓடிய பின் ஆணிகளை மீண்டும் இறுக்குவதும் வேண்டும். உருமாற்றத்தைப் பற்றி மோட்டார் வாகன அதிகாரிகளிடமும் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்திடமும் முன்கூட்டியே கேட்டறிவது, விபத்துக்குப் பின் வருந்துவதைக் காட்டிலும் நன்று.

இவையெல்லாவற்றுக்கும் முன்னே செய்யவேண்டிய எளிய சோதனை ஒன்று உண்டு. வண்டியைச் சமதரையில் வெறுமையாக நிறுத்தி, ஒவ்வொரு சில்லின் நடுவிலிருந்து மேலேயுள்ள தகட்டின் விளிம்பு வரை நாடாவால் அளந்து, தயாரிப்பாளர் குறித்த அளவோடு ஒப்பிடுக. பல ஆண்டுகள் பாரஞ் சுமந்த வில் அமிழ்ந்து போயிருத்தல் கூடும். அந்த விவசாயியின் வண்டி இரண்டு அங்குலம் குறைந்திருந்தால், அவர் வேண்டுவது உயர்வன்று, இழந்ததை மீட்பதே. வண்டிக்குரிய அதே அளவான புதிய விற்களும் ஷொக் அப்சோபர்களும் அதனைத் தந்துவிடும். அவற்றால் சுக்கானும் பிறேக்கும் விளக்கும் தம் முந்திய நிலைக்கே திரும்பும்.

உயர்த்திய வண்டியைக் கண்டு வெள்ளத்துக்கு அஞ்சாது இறங்குதல் பெரும் பிழை. ஓரடி ஆழமான ஓடுநீரே பல கார்களை மிதக்கச் செய்யவல்லது; ஈரடி நீர் பெரும்பாலான வண்டிகளை அடித்துச் செல்லும். இரண்டு அங்குல வில் அந்த நீருக்கு ஒரு பொருட்டன்று. நோயாளியை ஏற்றிச் செல்பவர் சுற்றுவழியே சென்று அரை மணி நேரம் பிந்தினாலும், போய்ச் சேருவார்.

மயிற்பீலி போன்ற மெல்லிய பொருளாயினும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு தாங்காது என்பதைத் திருவள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்திலே உணர்த்தியுள்ளார். ஏற்றும் பாரத்துக்கு எல்லை உள்ளது போலவே, ஏறும் உயரத்துக்கும் எல்லை உண்டு. எங்கே உராய்கிறது என்று குனிந்து பார்த்து, எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று அளந்து, எவ்வளவு பாரம் ஏற்றுவோம் என்று எண்ணி, அதன் பின்னர் வில்லைத் தேர்ந்தெடுப்பவரின் வண்டி மாரியிலும் கோடையிலும் அவரைக் கைவிடாது.